பாதிக் குளிசை

யசோதினி வாயைத் திறந்தாள். ஓலம் தொண்டையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து பொத்திவிட்டது. மஞ்சளும் வேப்பிலையும் மணக்கிற கை. திரும்பிப் பாராமலே அவளுக்குத் தெரியும், அது அக்கா சுலோஜனாவின் கை.

"வேணாம் தங்கச்சி. அழப்படாது. அம்மாள் கொண்டுபோன புள்ள. நாம சத்தம் போட்டா ஊரில இன்னும் நாலு வீட்டில இறங்கிருவா."

முற்றத்தில் பெட்டியை இறக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து துறைவரை வான் வண்டியில் வந்து, இந்தப் பக்கத்து ஆட்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து, பிறகு நாலு பேரின் தோளில் வந்த பெட்டி. நாலு பேர் தேவையே இல்லை. தனுஷாவுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. கடையில் வயதைச் சொன்னதும் எடுத்துக் காட்டிய பெட்டி பெரிதாகப் போய்விட்டது. புருசன் வினாயகமூர்த்தி தன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து, மகள் இவ்வளவு உயரம்தான் என்று காட்டி, இந்தச் சின்னதை எடுத்து வந்தானாம். திறக்க வேண்டாம், இன்றைக்கே அடக்கம் செய்துவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். யசோதினிக்குக் கிடைத்தது மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஓர் இடம் மட்டும்தான்.

வாவியின் இந்தப் பக்கம், படுவான்கரையில், செத்தவீடு என்றால் அழுகை வாவியின் அக்கரைக்குக் கேட்கும். வருகிற பெண் ஒவ்வொருத்தியும் வாசலிலேயே குரலெடுத்து, உரியவளைக் கட்டிப்பிடித்து, செத்தவரின் குணத்தையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவாள். பறை அடிப்பார்கள். இங்கே பறையும் இல்லை, குரலும் இல்லை. வந்தவர்கள் வேப்பங்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். செத்தவீடா, பரீட்சை மண்டபமா என்று தெரியாத அமைதி. அழுதால் கொஞ்சமாவது வெளியே போயிருக்கும். பெற்றவளை அழக்கூட விடாத ஊரை என்னவென்று சொல்வது?

ஆனால் கிசுகிசுப்புக்கு மட்டும் தடையில்லை. வேலியோரம் நின்ற பெண்களின் பேச்சு யசோதினியின் காதில் தெளிவாக விழுந்தது. அம்மாள் சும்மா கொண்டுபோக மாட்டாளாம். அம்மாள் நிற்கிற உடம்பில் யாரோ களவாக இங்கிலீசு மருந்து கொடுத்திருக்கிறார்களாம். அந்தக் கோபம்தானாம். யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சந்தேகப்பட்டது ஆஸ்பத்திரிக்காரர்களை.

யசோதினி மூடியின் மேல் இருந்த கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். கொடுத்தது அந்தக் கை.

தனுஷாவுக்கு ஏழு வயதில் தொடங்கிய வருத்தம் இது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள், இரத்தமும் சீதமுமாகப் போகும். முதலில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு வயிற்றுளைவு என்றார்கள். பிறகு நாவூறு என்று நூல் கட்டினார்கள். கசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் குளிசை விழுங்க வைத்த காலமும் உண்டு. பிள்ளை எலும்பும் தோலுமான பிறகுதான் கொழும்புக்கு அனுப்பிக் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். நீளமான ஒரு பெயர் சொன்னார்கள். யசோதினி அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தும் நாக்கில் நிற்கவில்லை. குடல் வருத்தம் என்றுதான் கடைசிவரை சொன்னாள். மாறாது, ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார்கள்.

கொழும்புக்குப் போவதென்றால் முதல் நாளே தனுஷா சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். பஸ்ஸில் வயிறு கலக்கினால் சாரதி ஏசுவான், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். அங்கே கக்கூசுக்குக் கதவு இருந்தது, கொளுக்கி இல்லை. அதனால் காலையில் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் போவாள். நோவை ஒளிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. உதடு வெளுத்துப்போய் நிற்கும்போதும், என்ன செய்யுது மகள் என்று கேட்டால், "ஒண்டுமில்லம்மா" என்பாள். அந்த வீட்டில் பெரிய மனுசி அவள்தான்.

கொழும்பில் கொடுத்தது இரண்டு குளிசை. டொக்டர் சிங்களத்தில் சொல்ல, மலையகத்து நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி தமிழில் சொன்னாள். மஞ்சள்தான் முக்கியம், ஒரு நாளும் விடக் கூடாது. வெள்ளையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், நாங்கள் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மாதாமாதம் இரத்தம் சோதியுங்கள். யசோதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மனதில் தைத்தது முதலில் சொன்னதுதான். வெள்ளை இன்றைக்கோ நாளைக்கோ போகப்போகிற மருந்து, மஞ்சள்தான் உயிர் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வினாயகமூர்த்தியும் பக்கத்தில் நின்று கேட்டவன்தான்.

வெள்ளைக் குளிசையில் தனுஷாவின் முகம் ஊதி உருண்டையானது. பிள்ளை தேறிவிட்டாள் என்று ஊரே மெச்சியது. பள்ளிக்கூடத்தில் பூசணி என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து யசோதினிக்கு வெள்ளையைக் கண்டாலே ஆகாது. மஞ்சளோ இலேசில் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரி மருந்தறையில் இல்லை, வெளியே வாங்குங்கள் என்பார்கள். காத்தான்குடிப் பாமசிக் கடை ஒன்றில் சொல்லிவைத்துக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார்கள். அதுவும் பெரியவர்களுக்கான குளிசை. பிள்ளைக்கு அளந்த அளவில் வராது. யசோதினி பிளேட்டால் நடுவில் வெட்டி, ஒரு பாதியை இன்றைக்குக் கொடுத்து, மற்றப் பாதியைத் தாளில் சுற்றி நாளைக்கு வைப்பாள். இரத்தச் சோதனைதான் மழை, பாதை ஓடவில்லை, பஸ் இல்லை என்று தள்ளிக்கொண்டே போனது.

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலின் கதவு திறந்தது. வருசத்தில் அந்த ஒரு தடவைதான் திறக்கும். திறந்தால் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை வாவியில் வலை விழாது, எந்த வீட்டிலும் மீன் பொரியாது, தாளித மணம் எழாது. வினாயகமூர்த்தியும் தோணியைக் கவிழ்த்துவிட்டு வீட்டில் இருந்தான். அந்த நாட்களில்தான் தனுஷாவின் கழுத்தில் முதல் கொப்புளம் தெரிந்தது.

வினாயகமூர்த்தியின் அண்ணன் வல்லிபுரம் அந்தக் கோயிலில் அம்மாளுக்குப் பணி செய்கிறவர். கட்டாடியார் என்றால் ஊரில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் வந்து பார்த்தார், கொப்புளத்தைக் கும்பிட்டார். வாசலில் வேப்பிலை கட்டச் சொன்னார். கடைசியில் அதையும் சொன்னார்.

"இங்கிலீசு மருந்து சூடு. அம்மாள் நிக்கிற உடம்பில அதக் குடுக்கப்படாது. எல்லாத்தையும் எடுத்துக் கட்டி வைங்க. அவ இறங்கிப் போன மறுகா பாப்பம்."

கொப்பளிப்பான் அம்மைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. காய்ச்சல் வேறு, அம்மாள் வேறு. தனுஷாவுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தபோதும் அது காய்ச்சல் என்று யசோதினிக்குத் தோன்றவில்லை. ஆனால் மஞ்சளை ஒரு நாளும் விடக் கூடாது என்று கொழும்பில் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. புருசன் ஏதாவது சொல்லுவான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணன் சொல்றது சரி. நிப்பாட்டுவம்" என்றான் அவன். ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. அந்த நேரத்தில் அவனை அவள் மனதார வெறுத்தாள்.

மருந்துப் பையை எடுத்துவரச் சொன்னார்கள். அறைக்குள் போனவள், மஞ்சள் குளிசை அடுக்கிய காட் அட்டை இரண்டில் ஒன்றை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வினாயகமூர்த்தி அதை மஞ்சள் துணியில் முடிந்து, அம்மாள் படத்துக்கு மேலே கூரை வளையில் வைத்தான். உருவிய காட் அரிசி வாளிக்குள் போனது.

பின்னேரம் கோயிலில் பாட்டுப் படிக்கத் தொடங்கியதும் வினாயகமூர்த்தி போய்விடுவான். யசோதினி பிளேட்டை எடுப்பாள். மருந்தைக் கட்டிவைத்த மறுநாள்தான் முதல் தடவை, பாதிக் குளிசையோடும் இளநீரோடும் மகளின் பக்கத்தில் குந்தினாள். யாரிடமும் சொல்லாதே என்று எப்படிச் சொல்வதென்று தடுமாறினாள். அவள் வாயெடுக்க முன்னமே தனுஷா சொன்னாள்.

"நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன் அம்மா."

சொன்னவள் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கிலும் கொப்புளம். விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, முகம் சுளிக்கவில்லை. என் பிள்ளைக்கு எவ்வளவு புத்தி என்று யசோதினி மெச்சிக்கொண்டாள். காலையில் அவள் கோயில் கிணற்றில் மஞ்சள் தண்ணீருக்கு நீரெடுக்கப் போவாள். அப்போது வினாயகமூர்த்தி மகளின் தலைமாட்டில் இருந்து வேப்பிலையால் வீசிக்கொண்டிருப்பான். வீசுவதற்காவது உதவுகிறானே என்று கசப்போடு நினைத்துக்கொண்டு போவாள்.

கொப்புளங்கள் வற்றவில்லை. கறுத்தன. இரத்தம் கட்டின. ஒரு காலை தனுஷா கண்ணைத் திறந்தாள், அம்மாவைத் தெரியவில்லை. யசோதினி யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு ஓடினாள். பின்னால் வினாயகமூர்த்தி சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தான். வல்லிபுரம் தடுக்கவில்லை. வேலிப் படலையில் நின்று கும்பிட்டார்.

ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தவர் டொக்டர் நிஸ்றா, காத்தான்குடிப் பிள்ளை, சின்ன வயது. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். புருசன் பக்கத்தில் நின்றதால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம் என்று யசோதினி சொன்னாள். வினாயகமூர்த்தி நிலத்தைப் பார்த்தான். ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். இரத்தச் சோதனை வந்த பிறகு டொக்டர் யசோதினியைத் தனியாக வெளியே கூப்பிட்டார்.

"அம்மா, நான் ஏசமாட்டன். உண்மையச் சொல்லுங்க. ஏதாவது குளிசை குடுத்தீங்களா?"

"மஞ்சள் மட்டும் குடுத்தன். அவருக்குத் தெரியாது."

டொக்டர் கையிலிருந்த சோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"கொப்பளிப்பான் வந்தா மஞ்சளத்தான் முதல்ல நிப்பாட்டோணும். அது உடம்பில உள்ள எதிர்ப்புச் சக்தியக் குறைக்கிற மருந்து. வெள்ளையத்தான் சடாரெண்டு விடப்படாது. நீங்க மாறிச் செஞ்சிரிக்கிறீங்க." பிறகு கையிலிருந்த தாளைத் திரும்பவும் பார்த்தார். "எவ்வளவு குடுத்தீங்க?"

"எப்பயும் போல. ஒரு நாளைக்கு ஒரு பாதி."

"பாதிதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு பாதிக்கு வெள்ளை அணு இவ்வளவு விழாதே."

பிள்ளை மேல் ஆணையாக ஒரு பாதிதான் என்றாள் யசோதினி. அது உண்மை. டொக்டர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறும்போது தனுஷா போய்விட்டாள். போகும்போதும் நோகிறது என்று சொல்லவில்லை.

இப்போது பெட்டியைத் தூக்கினார்கள். யசோதினியின் கை மூடியை விட்டு வழுக்கியது. ஆண்கள் வாவியோரத்து மணலில் அடக்கம் செய்யப் போனார்கள். சுலோஜனா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, பொறு, பொறு என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பொறுக்க என்ன இருக்கிறது? ஊர் சொல்கிறபடி பார்த்தால், அம்மாள் நின்ற உடம்பில் மருந்து கொடுத்துப் பிள்ளையைக் கொன்றவள் அவள். டொக்டர் சொல்கிறபடி பார்த்தாலும் அவளேதான். எப்போதும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் இந்த ஒரு விசயத்தில் ஒத்துப்போய்விட்டன. இதை அவள் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வாள்?

பொழுது சாய ஆண்கள் திரும்பினார்கள். வல்லிபுரம் முற்றத்தில் நின்று, பிள்ளை படுத்த பாய், தலையணை, வேப்பிலை எல்லாவற்றையும் வாவியில் விடச் சொன்னார். அம்மாள் தொட்டதை நெருப்பில் போடக் கூடாது. பிறகு தம்பியைப் பார்த்து, அந்த மருந்துப் பொதியையும் எடுத்துவா, எல்லாம் இருக்கா என்று அவிழ்த்துப் பார்த்துவிட்டு விடுவோம் என்றார். கிசுகிசுப்பு அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

யசோதினி சட்டென்று எழுந்தாள். ஒரு காட் குறைந்திருப்பது இப்போது தெரிந்துவிடும். அவள் உள்ளே போய் அரிசி வாளிக்குள் கையை விட்டாள். தன் காட்டை எடுத்தாள். அரைவாசி தீர்ந்திருந்தது, கடைசியாக வெட்டிய பாதி தாளில் சுற்றியபடி அதோடு இருந்தது. எட்டிப் பொதியை இறக்கி அவிழ்த்தாள். காட்டைப் பைக்குள் செருகிவிட்டால் போதும்.

பைக்குள் வெள்ளைக் குளிசைகள் அப்படியே இருந்தன. அவள் தொடாமல் விட்ட மற்ற மஞ்சள் காட்டும் இருந்தது. ஆனால் அதுவும் அரைவாசி தீர்ந்திருந்தது.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். கட்டிய நாளில் அது முழுசாக இருந்ததை அவளுடைய கண்ணே கண்டது. காட்டின் ஓரத்தில், ஒரு துண்டுத் தகட்டுத் தாளில் சுற்றி, ஒரு பாதிக் குளிசை. பிளேட் பட்ட பாதி அல்ல அது. விளிம்பு நொறுங்கிக் கோணலாக இருந்தது. பல்லால் கடித்து உடைத்தது. வலை நூலைக் கத்தியால் வெட்டச் சொல்லி எத்தனை தடவை சொன்னாலும் கேளாமல் பல்லால் கடிக்கிற ஒரே ஒருவன்தான் அந்த வீட்டில் இருந்தான்.

காலையில் அப்பாவின் கையால் ஒரு பாதி. பின்னேரம் அம்மாவின் கையால் ஒரு பாதி. பிள்ளை இரண்டையும் விழுங்கினாள். சொல்லாதே என்று அப்பா கேட்டுக்கொண்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கேட்க வந்ததை, கேட்க முன்னமே தானாகக் கொடுத்தாள். அந்தப் பாடத்தை அன்று காலையிலேயே அவள் படித்துவிட்டிருந்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. வினாயகமூர்த்தி நின்றான். அவள் மடியில் பொதியைக் கண்டதும் அவன் முகம் களவில் பிடிபட்டவனின் முகமாக மாறியது.

"அவிட்டுப் பாத்தியா?"

"இல்ல" என்றாள் யசோதினி. முடிச்சைப் போட்டு அவனிடம் நீட்டினாள். தன் காட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவனிடம் சொல்வதா? சொன்னால் இரண்டு பாதியும் சேர்ந்த கணக்கு அவனுக்கும் விளங்கிவிடும். ஒரு பாதிக்கு இவ்வளவு விழாது என்று டொக்டர் சொன்னதை அவன் கேட்டதில்லை. சொல்லாவிட்டாலும், ஊர்ப் பேச்சை நம்பி, அவன் தான் மட்டும்தான் கொன்றதாக நினைத்துக்கொண்டு சாகும்வரை இருப்பான். ஆக, எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு மீட்சி இல்லை.

வீட்டின் பின்பக்கம் நேரே வாவிதான். வினாயகமூர்த்தி அண்ணனுக்கு அவிழ்த்துக் காட்ட நிற்கவில்லை. வல்லிபுரம் கூப்பிடக் கூப்பிட, பாயையும் பொதியையும் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். முழங்கால் அளவில் நின்றால் போதும். அவன் நெஞ்சளவு போனான். பாய் நனைந்து தாழ்ந்தது. பொதி தாழவில்லை. உள்ளே இருந்தது பிளாஸ்டிக்கும் தகடும். தள்ளிவிட்டான், சின்ன அலை அதை அவன் நெஞ்சுக்கே கொண்டுவந்து சேர்த்தது. மறுபடி தள்ளினான், மறுபடி வந்தது. கடைசியில் இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தான். கையை எடுத்தால் மேலே வந்துவிடும். எடுக்காமல் அப்படியே நின்றான்.

யசோதினி அடுப்புக் கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பொம்பிளை இறங்கப்படாது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சுலோஜனா கையைப் பிடித்தாள், உதறிவிட்டாள். தண்ணீர் அவள் தோளைத் தொட்டபோது அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

"கல்லு வைக்கணும். விடுங்க, நான் அவிழ்க்கிறன்."

அவன் முடிச்சை விடவில்லை. விரல் விரலாக அவள்தான் விலக்கினாள். கல்லை வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த தன் காட்டை எடுத்து அவனுடைய காட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நனைந்த தாளை விரித்து, வெட்டிய பாதியை அவன் பார்க்கும்படி மேலே வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திரும்பவும் அதைப் பார்த்தான். பிறகு அவன் வாய் திறந்தது.

ஓலம் வருவதற்குள் யசோதினி தன் ஈரக் கையால் அதைப் பொத்தினாள். அவன் மூச்சு அவள் உள்ளங்கையில் சுட்டது. கரையிலிருந்து வல்லிபுரம், விட்டது போதும், பின்னுக்குப் பாராமல் ஏறி வாங்க என்று கூப்பிட்டார். பொதி எப்போது கையை விட்டுத் தாழ்ந்ததென்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை.